கமாவுக்குச் சம்பளப் பிடித்தமா? பனியன் கம்பெனி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்து ஏற்றுமதிக் கம்பெனிகளின் முதலாளிமாருக்கும், மேனேஜர்களுக்கும், ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

“இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பையர் மெயில் ஆகியவற்றில் எண், கமா, புள்ளி, தேதி தவறாக இருந்தால், அதனால் ஏற்படும் செலவு முழுவதும் சம்பந்தப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.”

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த தாளின் வாசகம் இது. எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். எழுதினால் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் வினை. ஆனால் அந்தத் தாளின் போட்டோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது. காங்கயம் ரோட்டிலும் பல்லடம் பக்கத்திலும் சில கம்பெனிகள் மேலே இருக்கும் பெயரை மட்டும் மாற்றி இதையே ஒட்டப்போவதாகக் கேள்விப்படுகிறேன். “நல்ல ஐடியாங்க, இனிமேலாச்சும் ஒழுங்காப் பாப்பாங்க” என்று ஒரு மேனேஜர் என்னிடமே சொன்னார். நான் ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் வேலையில் தலை நரைத்தவள். அவருக்கு அங்கேயே சொன்ன பதில் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாள் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிடித்தத்துக்கு ஆளான பெண் சொன்ன கணக்கை உட்கார்ந்து கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஜெர்மன் பையர், அதாவது சரக்கை வாங்கும் கம்பெனி. ஒரே ஸ்டைல், ஒரே கலர், சின்ன ஆர்டர். பையர் அனுப்பிய ஷீட்டில் எண்ணிக்கை 1.200 என்றும் விலை 3,450 யூரோ என்றும் இருந்தது. ஜெர்மனியில் நாம் கமா போடும் இடத்தில் புள்ளி போடுவார்கள், நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா போடுவார்கள். ஆக, ஆயிரத்து இருநூறு பீஸ், பீஸுக்கு மூன்று யூரோ 45 சென்ட். அந்தப் பெண் அந்த வரியைக் காப்பி எடுத்து, கம்பெனியின் இன்வாய்ஸ் எக்செல்லில் ஒட்டினாள். நம்ம ஊர் கம்ப்யூட்டருக்குப் புள்ளி என்றால் தசமம். 1.200 என்பதை அது 1.2 என்று எடுத்துக்கொண்டது. 3,450 என்பதை மூவாயிரத்து நானூற்று ஐம்பது என்று எடுத்துக்கொண்டது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 1200ஐ 3.45ஆல் பெருக்கினால் 4140. 1.2ஐ 3450ஆல் பெருக்கினாலும் 4140. மொத்தத் தொகை பைசா பிசகவில்லை!

எண்ணிக்கைக் கட்டத்தில் தசமம் தெரியாதபடி யாரோ எப்போதோ அமைத்து வைத்திருந்ததால் தாளில் 1 என்று அச்சாகிவிட்டது. அக்கவுண்ட்ஸில் மொத்தத்தைப் பார்த்தார்கள், டேலி ஆனது. மேனேஜர் மொத்தத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தூத்துக்குடியில் கஸ்டம்ஸுக்கு ஷிப்பிங் பில் போட உட்கார்ந்த சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜெண்ட்) ஆபீஸ் பையன்தான் “என்னங்க, ஒரு பனியன் மூவாயிரத்துச் சொச்சம் யூரோவா?” என்று போன் பண்ணினான். திருத்தி அனுப்புவதற்குள் கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம் (கட்-ஆஃப்) போய்விட்டது. பையர் தேதியில் நின்றார். சரக்கு ஏர்-ல், அதாவது விமானத்தில் போனது. அந்த ஏர் செலவுதான் அவள் தலையில் விழுந்தது. கையெழுத்துப் போட்டவரிடம் ஒரு பைசா பிடிக்கவில்லை.

அவள் கொடுமுடிப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, பி.காம். முடித்து வந்தவள். ஜெர்மனியில் புள்ளியும் கமாவும் இடம் மாறி நிற்கும் என்று பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை, கல்லூரியிலும் சொல்லவில்லை, வேலைக்குச் சேர்த்த நீங்களும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் நாள் அவளிடம் கொடுத்தது ஒரு பழைய இன்வாய்ஸ். “இதப் பாத்து இதே மாதிரி போட்டுக்க கண்ணு” என்பதுதான் நம்ம ஊரில் டாக்குமெண்டேஷன் டிரெயினிங்.

உங்களில் பலர் கட்டிங் மேசையிலிருந்து மேலே வந்தவர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பேசுகிறேன். துணி 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்றால் அதை யாருடைய கண் அளவுக்கும் விடுவதில்லை. நூறு சதுர செ.மீ. வட்டமாக வெட்டித் தராசில் வைத்து 1.60 கிராம் வருகிறதா என்று பார்க்கிறோம். கலர் என்றால் சாயமேற்றிய மாதிரித் துண்டு (லேப் டிப்), அதை வைத்துப் பார்க்கும் வெளிச்சப் பெட்டி (லைட் பாக்ஸ்). நீளம் என்றால் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் (டாலரன்ஸ்) என்று அளவுத் தாளில் (ஸ்பெக் ஷீட்) இருக்கும். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைச் சீல் வைத்து மாட்டிவிட்டுத்தான் தையலே ஆரம்பிக்கிறது. டைலர் தப்பாகத் தைத்தால் அந்த சாம்பிளைக் காட்டித்தான் திட்டுகிறோம். கமாவுக்கு மட்டும் அப்ரூவ்டு சாம்பிள் கிடையாது. எதைப் பார்த்து அவள் சரி, தப்பு தெரிந்துகொண்டிருக்க வேண்டும்?

“இது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம், அதைக்கூடத் தெரியாதா” என்பீர்கள். உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லைங்க. மீட்டர், கிலோகிராம் எல்லாம் என்ன அளவு என்று தீர்மானிக்கும் எடை அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 2003இல் கூடி, தசமக் குறியாகப் புள்ளியும் வைக்கலாம், கமாவும் வைக்கலாம் என்றுதான் தீர்மானம் போட்டது. பெரிய எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்க வேண்டுமானால் நடுவே இடைவெளி விடுங்கள், அங்கே புள்ளியோ கமாவோ வேண்டாம் என்றும் சொன்னது. பிரான்ஸ்காரர்கள் ஏறக்குறைய அப்படித்தான் எழுதுகிறார்கள்: 1 234 567,89. சுவிட்சர்லாந்தில் நடுவே மேற்கோள் குறி மாதிரி ஒரு கொக்கி நிற்கும்: 1'234'567.89. அமெரிக்காவும் இங்கிலாந்தும் 1,234,567.89. நாம் 12,34,567.89. ஒரே தொகைக்கு இத்தனை வேஷம். இத்தனையும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வருகிற ஊர் திருப்பூர். காலையில் ஸ்பெயின் ஆர்டர், மத்தியானம் அமெரிக்க ஆர்டர், சாயங்காலம் கரூரிலிருந்து வரும் பிரெஞ்சுப் பையரின் மேசை விரிப்புக் கணக்கு.

நம்ம லட்சக் கமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,25,000 என்று எழுதினால் நமக்கு உடனே தெரிகிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்கவுண்ட்ஸ்காரருக்கு அது ஒரு இலக்கம் விழுந்துபோன எண் மாதிரி தெரியும். நடுவில் ஏன் இரண்டு இலக்கம்தான் இருக்கிறது? 125,000ஆ, 1,250,000ஆ? சந்தேகம் வந்தால் பணத்தை நிறுத்திவிட்டு மெயில் போடுவார். அவர் மேல் குற்றம் இல்லை. இந்தப் பிழை யாரும் கையால் செய்வதும் இல்லை. இந்தியா என்று அமைத்த விண்டோஸ் கம்ப்யூட்டர் தானாகவே இரண்டிரண்டாகக் கமா போடும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற இடத்தில், அடிஷனல் செட்டிங்ஸ் உள்ளே, டிஜிட் குரூப்பிங் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே 123,456,789 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலும் அப்படித்தான்: டாலர், யூரோ என்று நாணயத்தை அமைக்கும் இடத்தில் தொகையை மில்லியனில் காட்டவா என்று ஒரு கேள்வி இருக்கும். யெஸ் என்று வைத்தால் போதும். வைக்காவிட்டால் டாலர் இன்வாய்ஸிலும் ‘ஒன் லேக்’ என்று எழுத்தில் அச்சடித்துத் தள்ளும். லேக் என்றால் வெளிநாட்டுக்காரர் ஏரியைத்தான் நினைப்பார். இதைச் சரிசெய்ய டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் பல கம்பெனிகளில் அந்த செட்டிங்குக்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது எங்களிடம் கிடையாது.

எல்.சி. பற்றியும் சொல்ல வேண்டும். தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று பையரின் பேங்க் எழுதித் தரும் உறுதி அது. பேங்குகள் ஒன்றுக்கொன்று எல்.சி. அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியில் தசமக் குறி கமாதான், அதை மாற்ற முடியாது. ஆயிரத்தைப் பிரிக்கும் குறியே கிடையாது. நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது டாலர் என்றால் யு.எஸ்.டி. என்ற மூன்றெழுத்தை ஒட்டி 48750,00 என்று வரும். சில சமயம் 48750, என்று கமாவோடு அப்படியே நிற்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. தேதி 260603 என்று வரும். அது வருடம், மாதம், நாள் என்ற வரிசை: 2026 ஜூன் 3. “எல்.சி.யில எப்படி இருக்கோ அப்படியே அடி, ஒரு எழுத்து மாறக்கூடாது” என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்தப் பிள்ளை அப்படியே 48750,00 என்று இன்வாய்ஸில் அடித்தால், “இங்கிலீஷ்ல எண்ணு எழுதத் தெரியாதா” என்று திட்டுவதும் நீங்கள்தான். இரண்டில் எது என்று சொல்லுங்கள்.

பேங்கில் எழுத்துப் பிழைக்கு இருக்கும் இரக்கம் எண்ணுக்கு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். எல்.சி.க்கான பன்னாட்டு விதிகள் யு.சி.பி. 600 என்ற பெயரில் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதோடு சேர்த்துப் படிக்கும் நடைமுறைக் கையேட்டில், மெஷின் என்பதன் ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அர்த்தம் மாறவில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆனால் மாடல் 321 என்பதற்குப் பதில் 123 என்று இருந்தால் விட மாட்டார்கள். அளவில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. கிலோவில் துணி விற்பவருக்கு அது கிடைக்கும். பீஸ் கணக்கில் எழுதிய எல்.சி.க்குக் கிடையாது, அந்த விதியே அப்படிச் சொல்கிறது. நமக்கு எல்லாம் பீஸ் கணக்குதானே. ஆக இந்த ஊரில் எண் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: இவ்வளவு கனமான வேலையை, ஆளைச் சேர்த்த அன்றே பழைய இன்வாய்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்து ஒப்படைப்பது சரியா?

எழுத்தில் தொகை எழுதுவதிலும் இதே கதை. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால் எழுத்தில் இருப்பதுதான் செல்லும். செக்குக்கு மட்டும் இல்லை, எல்.சி.யில் பணம் கேட்டு எழுதும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சுக்கும் அதே சட்டம்தான். ஆனால் ட்வென்ட்டி ஒன் முதல் நைன்ட்டி நைன் வரை நடுவில் சின்னக் கோடு போட வேண்டும், ஃபைவ் ஹண்ட்ரட் பீஸ் என்று எழுதும்போது ஹண்ட்ரடுக்குப் பின்னால் எஸ் வராது, இங்கிலாந்துக்காரர் ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபைவ் என்று எழுதும் இடத்தில் அமெரிக்கர் பெரும்பாலும் அண்ட் போடுவதில்லை, வாக்கியத்தை எண்ணால் ஆரம்பிக்கக் கூடாது, ஆரம்பித்தால் எழுத்தில் எழுத வேண்டும் என்பதெல்லாம் யார் சொல்லித் தந்தது? ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இந்திய முறையும் பன்னாட்டு முறையும் இருக்கின்றன, உண்மைதான். பரீட்சையோடு அது முடிந்துபோகிறது. அதற்கப்புறம் வாழ்க்கை முழுக்க லட்சமும் கோடியும்தான்.

தேதி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 05/06 என்பது அமெரிக்கருக்கு மே 6, நமக்கும் ஐரோப்பாவுக்கும் ஜூன் 5. ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இனி வாக்கியத்தில் வரும் கமா. நோட்டீஸில் இதையும் சேர்த்திருக்கிறீர்கள், அதுவும் வெறும் ஒரு சொல்லாக. இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் தினமும் இதில்தான் திண்டாடுகிறார்கள். ஒரு மேனேஜர் தமிழில் சொல்கிறார்: “செக்கிங்ல தேறாத கார்ட்டனை எல்லாம் ரீபேக் பண்றோம்னு பையருக்கு மெயில் போட்டுரு.” தமிழில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. தேறாதது எதுவோ அது மட்டும். கமாவுக்கு அங்கே வேலையே கிடையாது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு மாதிரி வரும். ‘த கார்ட்டன்ஸ் விச் ஃபெயில்டு இன்ஸ்பெக்‌ஷன் வில் பி ரீபேக்டு’ என்று கமா இல்லாமல் எழுதினால் தேறாதவை மட்டும். ‘த கார்ட்டன்ஸ், விச் ஃபெயில்டு இன்ஸ்பெக்‌ஷன், வில் பி ரீபேக்டு’ என்று இரண்டு கமாவோடு எழுதினால் அனுப்ப வைத்திருந்த கார்ட்டன் அத்தனையும் தேறவில்லை என்று அர்த்தம். இரண்டாவது மெயிலைப் படித்த பையர் என்ன செய்வார்? ஷிப்மெண்ட்டை நிறுத்துவார், மூன்றாம் ஆள் இன்ஸ்பெக்‌ஷன் கேட்பார், செலவு நம் தலையில். அந்தக் கமாவைப் போட்ட பிள்ளை ‘அழகாக இருக்கட்டும்’ என்றுதான் போட்டிருப்பான். மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பாடலை ஒப்பிக்கத்தான் உதவும், ஆங்கில வியாபாரக் கடிதத்துக்கு உதவாது.

கலர் விஷயமும் அப்படித்தான். ‘ஒயிட், நேவி அண்ட் ரெட் ஸ்ட்ரைப்’ என்று ஒரு வரி வருகிறது. மூன்று கலரா? ஒயிட் ஒன்று, நேவியும் ரெட்டும் சேர்ந்த வரி போட்டது ஒன்று என இரண்டா? நேவிக்குப் பின்னால் இன்னொரு கமா இருந்தால் மூன்று. இல்லாவிட்டால் டையிங்குக்கு நூல் போகும் முன்னே பையரைக் கேட்டுவிட வேண்டும். பட்டியலில் கடைசி அண்ட்-க்கு முன்னால் கமா போடுவதா வேண்டாமா என்பதில் ஆங்கிலக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான புத்தகப் பதிப்பாளர்கள் போடுகிறார்கள், செய்தித்தாள்கள் பெரும்பாலும் போடுவதில்லை.

இந்தக் கமாவுக்காக அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஓ.டி. பற்றியது. அங்கே பால் கம்பெனி ஒன்றின் லாரி டிரைவர்கள் ஓவர்டைம் கூலி கேட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ஆர் என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. டிஸ்ட்ரிபியூஷன், அதாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது, தனி வேலையா? இல்லை, ஷிப்மெண்ட்டுக்கோ டிஸ்ட்ரிபியூஷனுக்கோ செய்யும் பேக்கிங் மட்டுமா? டிரைவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள், பேக் பண்ணுகிறவர்கள் இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லை, தெளிவில்லாத இடத்தில் தொழிலாளி பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தக் கமாவை விட்டது யாரோ ஒரு கிளார்க்கின் கவனக்குறைவு இல்லை. அந்த மாநிலத்தில் சட்டம் எழுதும் கையேடே அந்த இடத்தில் கமா போட வேண்டாம் என்று சொல்லியிருந்தது. வழக்குக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைப்புள்ளி வைத்தார்கள். திருத்த வேண்டியதை அங்கே திருத்தினார்கள்.

பிடித்தம் சட்டப்படியும் நிற்காது. அபராதம் போடுவதற்கு முன் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் சம்பளத்தின் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே 3 சதவீதத்தைத்தான் சொல்கிறது. அபராதம் இல்லை, இது நட்ட ஈடு என்பீர்களானால், நட்டம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்தது என்று காட்ட வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். மூன்று பேர் பார்த்து, ஒருவர் கையெழுத்திட்டு, கம்ப்யூட்டர் தானாக மாற்றிய எண்ணுக்கு யாருடைய கவனக்குறைவு என்று எழுதுவீர்கள்? ‘செலவு முழுவதும்’ என்று ஒரு தாளில் அடித்து ஒட்டிவிட்டால் அது சட்டமாகிவிடாது.

இந்தத் தாள் ஒட்டிய பிறகு என்ன நடக்கிறது என்றும் சொல்கிறேன், அது உங்கள் வியாபாரத்துக்கே ஆகாது. பயந்துபோய் யாரும் தப்பைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் “அக்கா, இந்த எண் ஒரு மாதிரி இருக்குதுங்க, பாருங்க” என்று எழுந்து வருவார்கள். இப்போது அந்த வரியை அடுத்தவர் அடிக்கட்டும் என்று ஒதுக்குகிறார்கள். மெயில் எழுதச் சொன்னால் கமாவே இல்லாமல் அரைப்பக்கம் எழுதுகிறார்கள். போட்டால்தானே தப்பாகும்! இன்னும் சிலர் கூகுளில் போட்டு வருவதை அப்படியே அனுப்புகிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். ஒட்ட நினைத்தவர்கள் ஒட்டாதீர்கள். இதுவரை பிடித்த பணத்தை அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுங்கள். அந்த ஜெர்மன் ஆர்டர் பெண்ணுக்கு முதலில் கொடுங்கள்.

ஒவ்வொரு பையர் ஃபைலுக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கம் வையுங்கள். இந்தப் பையர் தசமத்துக்குப் புள்ளி போடுவாரா கமாவா, ஆயிரத்தைப் பிரிக்க எதைப் போடுவார், தேதியை எந்த வரிசையில் எழுதுவார், எடை கிலோவில் எத்தனை தசமம் (12,500 என்று கார்ட்டன் எடை வந்தால் அது பன்னிரண்டரை கிலோ, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு இல்லை), கலர் பட்டியலில் கடைசிக் கமா உண்டா இல்லையா. ஆர்டர் உறுதியாகும்போதே மெர்ச்சண்டைசர் இதைப் பையரிடம் மெயிலில் கேட்டு வாங்கிவிடலாம். எந்தப் பையரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நாம் வெளியே அனுப்பும் தாளில் தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுவது என்று கம்பெனிக்குள் ஒரு விதி போடுங்கள்.

டாக்குமெண்டேஷன் கம்ப்யூட்டர்களின் ரீஜன் செட்டிங்கையும் டேலியின் நாணய அமைப்பையும் இந்த வாரமே சரிசெய்யச் சொல்லுங்கள். பையர் ஷீட்டிலிருந்து காப்பி எடுத்து ஒட்டும் வழக்கத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். எக்செல்லில் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்ற இடத்தில் தசமக் குறியையும் ஆயிரக் குறியையும் பையருக்குத் தகுந்தபடி மாற்றி வைத்துவிட்டு ஒட்டலாம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும், மறந்தால் அடுத்த பையருக்குத் தலைகீழாகும். அதனால் இதற்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டரே ஒதுக்கினால் இன்னும் நல்லது.

இன்வாய்ஸில் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நிறுத்துங்கள். எண்ணிக்கை, விலை, கார்ட்டன், எடை நான்கையும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் பையரின் ஆர்டர் தாளை (பி.ஓ.) பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் மேனேஜர் அந்தத் தாளுக்குச் சம பொறுப்பாளி என்று எழுத்தில் கொடுங்கள்.

வகுப்பு நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி இல்லை, வேலை நேரத்தில், சம்பளத்தோடு. ஆங்கில இலக்கணம் முழுக்க வேண்டாம். எண், தேதி, தொகையை எழுத்தில் எழுதுவது, பட்டியலில் கமா, விச் வரும் வாக்கியத்தில் கமா, இவ்வளவு போதும். நம் கம்பெனி மெயில்களையே எடுத்து வைத்துப் பாடம் நடத்த வேண்டும், எவர் பெயரும் தெரியாமல். சொல்லித்தர ஆள் இல்லை என்றால் கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கும் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளைக் கேளுங்கள். எல்.சி. பகுதிக்கு உங்கள் பேங்கின் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) மேசையில் இருப்பவரையே ஒரு மத்தியானம் அழைக்கலாம். இந்த வட்டாரத்துச் சங்கங்கள் மனது வைத்தால் சின்னக் கம்பெனிகளுக்கும் பவர் டேபிள் (தையல்) யூனிட் வைத்து நேரடியாக ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் சேர்த்தே நடத்தலாம். முதல் வகுப்புக்கு நான் சம்பளம் இல்லாமல் வரத் தயார்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை உங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அந்த நோட்டீஸ் இருந்த அதே போர்டில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
திருப்பூரில் ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் பார்க்கும் ஒருத்தி